இரண்டு பூட்டுப் போட்ட மதகு

வனத்துறை நர்சரி,
மாகடி பக்கம்.
20-9-2004

பெர்னதெத் டீச்சருக்கு,

அப்பாதுரை எழுதுகிறேன். உங்கள் டிரஸ்டும் வனத்துறையும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் பெங்களூர் ஹுணசெகெரெ ஏரியில் பதினாலு வருஷம் வாட்சராக இருந்த அதே அப்பாதுரைதான். ஆறு வருஷமாகத் தினம் என் முகத்தைப் பார்த்த உங்களுக்கு இப்படி அறிமுகம் தேவையில்லை. ஆனால் டிரஸ்ட் செயலாளராக நீங்கள் கையெழுத்துப் போட்ட புகாரில் நான் 'அங்கிருந்த ஒரு தினக்கூலி ஆள்' என்று இருக்கிறேன். அதனால் யார் என்று ஞாபகப்படுத்திவிட்டுத் தொடங்குகிறேன்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் "அப்புறம் பேசலாம் அப்பாதுரை" என்று வைத்துவிடுவீர்கள். எழுத்தில் இருந்தால் அப்படித் தப்பிக்க முடியாது.

ஏழாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் கரையின் மேல்மட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூன்று நாள் மழை. கரை இரண்டு இடத்தில் கசிய ஆரம்பித்துவிட்டது. கீழே பள்ளத்தில் நாற்பது வீடு. மதகுச் சக்கரத்தில் ஒரு சங்கிலி, சங்கிலியில் இரண்டு பூட்டு, ஒன்று துறையுடையது, ஒன்று டிரஸ்டுடையது. இரண்டு தரப்பும் வந்து இரண்டு சாவியும் போட்டால்தான் மதகு திறக்கும். அதுதான் கூட்டு நிர்வாகம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள். துறைச் சாவி என் இடுப்பில் இருந்தது, டிரஸ்ட் சாவி உங்களிடம்.

மழையோடு சைக்கிளை மிதித்து காக்ஸ் டவுன் வந்தேன். உங்கள் வீடு பூட்டியிருந்தது. மேல்மாடியில் குடியிருக்கும் நோயல் சார்தான் எட்டிப் பார்த்தார். "டீச்சர் வேளாங்கண்ணி பூட்டாங்கப்பா. தேர் பாத்துட்டு ஒம்பதாந்தேதிதான் வருவாங்க" என்றார். அங்கிருந்தே டெலிபோன் பூத்துக்குப் போய் டிரஸ்ட் தலைவர் சீனிவாசராகவன் சாருக்கு அடித்தேன். "எங்க பூட்டுல கை வெக்காதே, ரேஞ்சரைக் கேளு" என்றார். ரேஞ்சர் கிரண் சாருக்கு அடித்தேன். "டிரஸ்ட்காரங்க இல்லாம திறந்தா நாளைக்கு நம்ம தலையிலதான் போடுவாங்க. வெயிட் மாடு" என்றார், பொறு என்று கன்னடத்தில். தண்ணீர் யாருக்கு வெயிட் பண்ணும்?

கடப்பாரையால் உங்கள் பூட்டை உடைத்தேன். உடைந்த வேகத்தில் சங்கிலி சக்கரத்தில் சிக்கி, தண்டு வளைந்துவிட்டது. திறந்த மதகை மூட முடியவில்லை. மூன்று நாளில் ஏரி காலி. அது என் கைத்தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வீட்டில் ஒரு வீட்டு அடுப்பும் நனையவில்லை. அதுவும் என் கைதான்.

'சாவியைக் கேட்கக்கூட முயலாமல் பூட்டை உடைத்தார்' என்று புகாரில் இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. எந்த மனசோடு போட்டீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். புகார் போனதும் என்னை இந்த நர்சரிக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வேறு வேலை இல்லை. நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாதுரை


காக்ஸ் டவுன்
29-9-2004

அப்பாதுரைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மரியாதை குறையாமல் எழுதியதற்கு நன்றி. கோபத்தை மறைக்க நினைக்காததற்கும் நன்றி. நானும் மறைக்கப்போவதில்லை.

பத்தாம் தேதி காலை நான் ஏரிக்கு வந்தபோது என்ன பார்த்தேன் தெரியுமா? கோரைக்கு நடுவில் முக்குளிப்பான் கூடு பதினொன்று எண்ணி வைத்திருந்தேன். அவை தண்ணீரில் மிதக்கிற கூடுகள். தண்ணீர் போனதும் பதினொன்றும் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. தெருநாய்கள் நடந்தே போய்த் தின்றன. தாய்ப்பறவைகள் சேற்றுக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. ஆறு வருஷம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, பாதுகாக்கப்பட்ட ஏரி என்று அறிவிக்க வைத்தேன். எல்லாம் மூன்று நாளில் கால்வாயில் போய்விட்டது. அன்று மாலை தலைவர் தட்டச்சு செய்த புகாரைக் கொண்டுவந்தார். வாசகம் அவருடையது. நான் படித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

வீடுகளைக் காப்பாற்றினீர்கள், மறுக்கவில்லை. ஆனால் பூட்டை அறுக்க ரம்பம் கிடைத்திருக்காதா? பக்கத்தில் வெல்டிங் கடை இருக்கிறதே. கடப்பாரைதான் வேண்டுமா? நிதானமாகச் செய்திருந்தால் தண்டு வளைந்திருக்காது. வேண்டிய அளவு திறந்து, மறுபடி மூடியிருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி தனக்கோடியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பெர்னதெத்


மாகடி பக்கம்
6-10-2004

டீச்சர்,

வெல்டிங் கடையில் கரண்ட் இல்லை. மூன்று நாள் மழையில் பெங்களூரில் எந்தக் கடையில் கரண்ட் இருந்தது?

என் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நீங்கள் பறவைக்குப் பதில் சொன்னீர்கள், தலைவருக்குப் பதில் சொன்னீர்கள், என் உடம்பைக்கூட விசாரித்தீர்கள். பரீட்சையில் தெரியாத கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்ததையே பக்கம் பக்கமாக எழுதும் பிள்ளைகளைப் பற்றி நீங்கள்தான் சிரித்துச் சிரித்துச் சொல்வீர்கள்.

கேள்வியை இன்னும் சின்னதாகக் கேட்கிறேன். ஏழாம் தேதி டிரஸ்ட் சாவி எங்கே இருந்தது? மாற்றுச் சாவி எங்கே இருந்தது?

அப்பாதுரை


காக்ஸ் டவுன்
21-10-2004

அப்பாதுரைக்கு,

இரண்டு சாவியும் என் கைப்பையில் இருந்தன. வேளாங்கண்ணியில், லாட்ஜ் அறையில், ஒரே வளையத்தில்.

இதை எழுத எனக்குப் பதினைந்து நாள் ஆகியிருக்கிறது. மாற்றுச் சாவியைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. முதல் வருஷம் மீன் குத்தகைக்காரனுக்காகத் துறை ஆட்கள் எங்களைக் கேட்காமல் தண்ணீரை விட்டார்களே, அதிலிருந்து எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. இரண்டாவது பூட்டு வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவளே நான்தான். சாவியை இன்னொருவரிடம் கொடுத்தால் பூட்டுப் போட்டதற்கே அர்த்தம் இல்லை என்று நினைத்தேன். என்னைவிடப் பொறுப்பான ஆள் ஏரிக்குக் கிடையாது என்ற திமிர். வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

நான் எதற்கு வேளாங்கண்ணிக்குப் போனேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். டிசம்பர் முப்பத்தொன்றோடு நம் ஒப்பந்தம் முடிகிறது. அதை இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்க வேண்டும் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். ஒரு படகுக் கம்பெனி துறையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. படகு, கரையோரம் ஓட்டல், மின்விளக்கு என்று படம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டிரஸ்ட் மேல் ஒரு குறை கிடைத்தால் போதும், நீட்டிப்பு கிடைக்காது. செயலாளர் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள் என்பதைவிடப் பெரிய குறை அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

அதனால் கேட்கிறேன். ஜனவரி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் நானே துறைக்கு எழுதுகிறேன். என் மேல் ஆணையாக எழுதுகிறேன். மதகை மராமத்து செய்துவிட்டார்கள். அக்டோபர் மழையில் பாதி ஏரி நிறைந்துவிட்டது. நாமக்கோழி இரண்டு வந்திருக்கிறது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

பெர்னதெத்


மாகடி பக்கம்
2-11-2004

டீச்சர்,

உண்மையைச் சொன்னதற்கு முதலில் கும்பிடு. சொன்ன கையோடு அதை ஜனவரி வரை மூடிவைக்கச் சொன்னதற்கு என்ன போடுவது என்று தெரியவில்லை.

ஜனவரி உங்களுக்குத்தான் இருக்கிறது, எனக்கு இல்லை. நவம்பர் 24-ம் தேதி கூட்டுக் கமிட்டி என் விசாரணையை வைத்திருக்கிறது. பத்து வருஷம் தாண்டிய வாட்சர்களைப் பர்மனென்ட் ஆக்கும் பட்டியல் மாசக் கடைசியில் போகிறது. என் பெயர் ஒன்பதாவது. விசாரணையில் குற்றம் என்று வந்தால் அடித்துவிடுவார்கள். எனக்கு வயசு நாற்பத்தெட்டு. இதற்கு அப்புறம் எந்தப் பட்டியலிலும் ஏற மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரம் வீட்டுக்குப் போனேன். உங்கள் கடிதத்தைத் தனக்கோடியிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். "பொறுத்துக்கோன்னு சொல்றாங்களே, அவங்க இன்னாத்த பொறுத்துக்கினாங்க? பதினாலு வருசமா நாள்கூலிக்குப் போறியே, அது பொறுத்ததுல சேத்தி இல்லியா?" என்றாள். பிறகு, "பறவைக்கு அழுவுற டீச்சரு நமக்கு அழுவ மாட்டாங்களா" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அவள் நிஜமாகவே கேட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேஞ்சர் கிரண் சார் ஜீப்பில் இங்கேயே வந்தார், ஒரு டைப் அடித்த காகிதத்தோடு. "ஏனப்பா அப்பாதுரை, ஒரு கையெழுத்துதானே. போட்டா உன் பேரு லிஸ்ட்ல நிக்கும்" என்றார். படித்தேன். நீங்கள் சாவியை எப்போதும் ஒளித்துவைப்பவர், திருட்டு மீன் பிடிக்க ஆள் விடுபவர், துறை ஆட்களை உள்ளே நுழைய விடாதவர் என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. உங்கள் பேரில் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் நீங்கள் திருட்டு மீன் பிடித்தீர்கள் என்று எழுத என் கை வராது. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று அனுப்பிவைத்தேன். இருபத்துநாலாம் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் பொய் எழுதாமல் இருக்க வேண்டுமானால் நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி போதும். 'சாவி என்னிடம் வெளியூரில் இருந்தது, அவர் கேட்டு வீட்டுக்கு வந்தார்.' நோயல் சார் உங்களைக் கேட்காமல் வாயைத் திறக்க மாட்டார். தலைவர் சார் என் போன் வந்ததே ஞாபகம் இல்லை என்கிறாராம். எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

அப்பாதுரை


காக்ஸ் டவுன்
15-11-2004

அப்பாதுரைக்கு,

இது நான்காவது தடவை தொடங்கும் கடிதம். முன்னால் எழுதிய மூன்றும் குப்பையில் கிடக்கின்றன.

வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. கோயிலுக்குப் போனால் பாதிப் பூசையில் எழுந்து வந்துவிடுகிறேன். சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு அலமாரியை அடுக்குகிறேன். நேற்று ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினேன். எதை எண்ணினேன் என்று திரும்பி வந்து பார்த்தால் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

பள்ளத்துக் காலனி வள்ளியம்மா, காய்கறி விற்பாளே, கரையில் வந்து நின்றாள். "வாட்சர் அண்ணன் எங்க டீச்சர், ஆளையே காணோம்?" என்றாள். மாற்றிவிட்டார்கள் என்றேன். "ஏன், அவரு இன்னா தப்பு பண்ணாரு? அன்னிக்கு அவரு மதகத் தொறக்கலன்னா எங்க ஊட்டுக் கூரை கூட மிச்சம் இருந்திருக்காது. யாரு மாத்துனது, சொல்லுங்க, நாங்க நாலு பேரு போய்க் கேக்குறோம்" என்றாள். விசாரிக்கிறேன் என்று மழுப்பிவிட்டு வந்தேன். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பாடமாக நடத்தினேன். காய்கறிக்காரியிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது என் பக்கத்தையும் கேளுங்கள். நான் சொன்னால் உங்கள் வேலை நிற்கும், ஏரி போகும். சொல்லாவிட்டால் ஏரி நிற்கலாம், உங்கள் வேலை போகும். இதில் எதைச் செய்தாலும் நான் ஒருவருக்குத் துரோகம் செய்கிறேன். ஏரிக்குக் குரல் இல்லை, உங்களுக்காவது கடிதம் எழுத முடிகிறது என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். மறுநாள் அந்த வாதத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதை உங்களுக்கே எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரிகிறது. ஆனால் இப்போது பொய் சொன்னால் இந்தக் கடிதத்தையும் கிழிக்க வேண்டியிருக்கும்.

ரேஞ்சரின் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் நான் தவறாக நினைக்க மாட்டேன்.

பெர்னதெத்


காக்ஸ் டவுன்
26-11-2004

அப்பாதுரைக்கு,

இருபத்துநாலாம் தேதி நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் முன்னால் நடந்துதான் உள்ளே போனேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. உள்ளே நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

பெரிய அதிகாரி நடுவில், ரேஞ்சர் ஒரு பக்கம், எங்கள் தலைவர் ஒரு பக்கம். முதலில் புகாரைப் படித்தார்கள். "செக்ரட்டரி மேடம், இது உங்க கையெழுத்துதானே?" என்று அதிகாரி கேட்டார். ஆம் என்றால் முடிந்தது. நான் ஆம் என்றேன். அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் சொன்னேன். "கையெழுத்து என்னோடது சார். ஆனா அதுல இருக்கறது உண்மையில்ல. அப்பாதுரை சாவி கேட்டு என் வீட்டுக்கு வந்தார். ரெண்டு சாவியும் வேளாங்கண்ணியில என் பையில இருந்தது. அவர் உடைக்கலேன்னா கரை உடைஞ்சிருக்கும்." இவ்வளவுதான் பேசினேன்.

சீனிவாசராகவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "ஆறு வருஷ உழைப்பும்மா" என்றார். வெளியே போய்விட்டார். ரேஞ்சர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். அவர் மேசையில் அந்த ஒன்றரைப் பக்கக் காகிதம் கிடந்ததை நான் நுழைந்ததுமே பார்த்திருந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

உங்கள் மேல் குற்றம் இல்லை என்று அங்கேயே எழுதினார்கள். அதே மினிட்ஸில் அடுத்த பத்தியில், டிரஸ்ட் பொறுப்பில் தவறியதால் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட மாட்டாது என்றும் எழுதினார்கள். இரண்டையும் எழுத அவர்களுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பின்பக்கப் படியில் இறங்கிப் பஸ் பிடித்தேன்.

நான் சரியானதைத்தான் செய்தேன். அதற்காக மனசு நிம்மதியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. காரணமே இல்லாத கோபம், தெரியும். நீங்கள் ரேஞ்சரின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்களை வெறுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டீர்கள். கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம்.

பெர்னதெத்


ஸ்ரீராம்புரம்
30-1-2005

டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாசம் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட உங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வாசல் வரை வந்து திரும்பிவிட்டேன், அதைத் தனக்கோடியிடம் மட்டும் சொன்னேன். இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

பர்மனென்ட் ஆர்டர் பதினெட்டாம் தேதி வந்தது. தனக்கோடி அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "மொதல்ல டீச்சர் வூட்டுக்குப் போயிட்டு வா" என்றாள். போயிருக்க வேண்டும். எந்த இடத்தில் போஸ்டிங் என்று தெரிந்த பிறகு கால் வரவில்லை.

ஹுணசெகெரெயிலேயே போட்டிருக்கிறார்கள். பழகின ஆள் என்று ரேஞ்சரே கேட்டு வாங்கினாராம். ஏரியைப் படகுக் கம்பெனியிடம் பதினைந்து வருஷத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. துறை சார்பில் வாசலில் இரண்டு வாட்சர், அதில் ஒருவன் நான். படகு ஓட இடைஞ்சல் என்று கோரையை இயந்திரம் வைத்து வாரிவிட்டார்கள். எத்தனை கூடு இருந்தது என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

நாளை முதல் உள்ளே வர டிக்கெட். காலை ஒன்பதுக்கு மேல்தான் கதவு. நடக்க வருபவர்கள், பறவை பார்க்க வருபவர்கள் எல்லாருக்கும் அதே சட்டம். நேற்று ரேஞ்சர் எங்கள் இருவரையும் வரிசையில் நிற்கவைத்து டியூட்டி சொன்னார். கடைசியில் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "ஆ டீச்சர் பந்த்ரெ ஒளகெ பிடபேடா. அந்த டீச்சர் வந்தா உள்ளே விடாதே. டிக்கெட் வாங்கினாலும் விடாதே. வந்து போட்டோ எடுத்துக் கோர்ட்டுக்குப் போவாங்க" என்றார். நான் "சரி சார்" என்றேன். அந்த 'சரி'யைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை டீச்சர். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும், போங்கள். கோரையை வாரிய தேதியும் வண்டி நம்பரும் தனிக் காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். யார் கொடுத்தது என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள். ஆனால் வாசலில் வந்து நின்றால் நான் கதவைத் திறக்க மாட்டேன். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. எனக்காக ஏரியைக் கொடுத்தவரைப் பார்த்து, போங்கள் என்று என் வாயால் சொல்லவும் முடியாது.

இந்த வாரம் முழுக்கக் காலை டியூட்டி எனக்கு. அடுத்த வாரம் இன்னொரு ஆள். அவனுக்கு உங்களைத் தெரியாது. வருவதானால் அடுத்த வாரம் வாருங்கள் டீச்சர்.

அப்பாதுரை